வேலியோரம் மேய்ப்பவன்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நம்மில் பெரும்பாலோர் வியாபாரிகள். ஹலால் எது, ஹராம் எது என்று கேட்டால் தயங்காமல் விடை சொல்வோம். வட்டி கூடாது, நிறுவையில் குறைக்கக் கூடாது, பொய்ச் சத்தியம் செய்து சரக்கை விற்கக் கூடாது என்பதெல்லாம் சிறு வயதிலேயே ஓதிப் படித்தவை. ஆனால் கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருப்பவனுக்கு வருகிற சோதனை பெரும்பாலும் இவற்றில் வருவதில்லை. முழு ஹலால் என்றும் சொல்ல முடியாது, முழு ஹராம் என்றும் தள்ள முடியாது என்கிற இடத்தில்தான் ஷைத்தான் கடை விரித்திருக்கிறான்.

ஹஜ்ரத் நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ள நபிமொழி ஒன்றை ஆலிம்கள் பயானில் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் கருத்து இது: ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது. இரண்டுக்கும் இடையே பலருக்கும் விளங்காத சந்தேகமான காரியங்கள் உண்டு. அவற்றில் இறங்குகிறவன், அரசன் தடுத்து வைத்த நிலத்தின் ஓரத்தில் ஆடு மேய்க்கும் இடையனைப் போன்றவன். அவனுடைய ஆடுகள் எந்த நேரமும் உள்ளே புகுந்துவிடக் கூடும்.

இந்த உவமையை நாம் வட்டிக்கும் லஞ்சத்திற்கும் பொருத்திப் பார்ப்பதுண்டு. ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் உவமைக்கு எடுத்துக்கொண்ட நிலம் வெறும் கற்பனையன்று. அரபு நாட்டுப் பாலைவனத்தில் கண்ணால் காணக்கூடியதாய், எல்லை வகுக்கப்பட்டதாய் அப்படிப்பட்ட நிலங்கள் இருந்தன. அந்நிலங்களுக்குச் சட்டம் இருந்தது. அந்தப் பாலைவனத்திலேயே இருந்த சுரங்கங்களுக்கும் சட்டம் இருந்தது. காக்கப்பட்ட காடுகளின் ஓரத்தில் சுரங்கம் தோண்டலாமா என்ற கேள்வி நாம் பிழைக்க வந்த இந்நாட்டில் பலமுறை எழுந்துவிட்டது. ஆதலால் அந்த உவமையை அதன் நேர்ப்பொருளிலேயே ஒருமுறை சிந்தித்துப் பார்ப்பது நமக்குப் பிரயோஜனமாகும்.

ஹிமா என்றால் என்ன?

தடுத்து வைக்கப்பட்ட அந்த நிலத்திற்கு அரபியில் ஹிமா என்று பெயர். அறியாமைக் காலத்தில் பலம் படைத்த தலைவன் மேட்டில் ஏறி நின்று தன் நாயைக் குரைக்க விடுவானாம். குரைப்பொலி எதுவரை கேட்கிறதோ அதுவரையுள்ள புல்லும் தண்ணீரும் அவன் ஒருவனுக்கே. ஏழையின் ஆடு அங்கே வாய் வைக்கக் கூடாது. அவனுடைய ஒட்டகங்களோ மற்றவர்களுடைய நிலத்திலும் மேயும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இவ்வழக்கத்தை எடுத்துக் கூறியிருக்கிறார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் இந்த அநியாயத்தை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனுடைய ரசூலுக்குமே உரியது என்று தீர்ப்பளித்தார்கள். அதாவது தனி மனிதனின் சுகத்திற்காக நிலத்தைத் தடுக்கக் கூடாது. பொதுமக்களின் நன்மைக்காகத் தடுக்கலாம். அவ்வாறே மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஃ என்னும் இடத்தைக் காப்புநிலமாக்கினார்கள். மதீனா நகரைச் சுற்றியுள்ள நிலத்தைப் புனித எல்லையாக அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். காடு என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத பாலைவனத்தில், இருந்த சில முள்மரங்களுக்கே அந்தப் பாதுகாப்பு! அடர்ந்த காட்டின் நடுவே வாழ்கிற நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

சுரங்கம் ஹராமா?

அன்று, சுரங்கம் தோண்டுவது தொழில்களுள் ஒன்று. மண்ணுக்குள் இரும்பையும் பொன்னையும் வைத்தவன் அல்லாஹ்வே. இரும்பின் பெயரால் ஒரு சூராவே திருமறையில் உண்டு. பிலால் பின் ஹாரித் (ரலி) என்னும் தோழருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கபலிய்யா என்னும் பகுதியிலுள்ள சுரங்கங்களை வழங்கினார்கள். மதீனாவுக்குத் தென்கிழக்கே, பொன்னின் தொட்டில் எனப் பொருள்படும் மஹ்துத் தஹப் என்னும் இடத்தில் பழங்காலத்திலேயே தங்கம் எடுத்தார்கள். 1939 முதல் 1954 வரை அங்கே மீண்டும் வேலை நடந்தது. 1988-இல் மறுபடியும் திறக்கப்பட்டது. ஆகவே பூமியைத் தோண்டுவதே பாவம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் காட்டும் நிகழ்ச்சியைக் கேளுங்கள். யமன் தேசத்திலிருந்து அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்கள் வந்து, மஃரிப் என்னும் ஊரிலுள்ள உப்பளத்தைத் தமக்குத் தருமாறு கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் தந்துவிட்டார்கள். அவையில் இருந்த ஒருவர், யா ரசூலல்லாஹ், தாங்கள் வழங்கியது வற்றாத தண்ணீரைப் போன்றதாயிற்றே என்று எடுத்துச் சொன்னார். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் திரும்பப் பெற்று, வருகிறவர் எவரும் எடுத்துக்கொள்ளும் பொதுச் சொத்தாக்கினார்கள். திருப்பித் தந்த அப்யள் (ரலி) அவர்களுக்கு வேறிடத்தில் நிலமும் பேரீச்ச மரங்களும் கொடுத்ததாக இப்னு மாஜாவில் காண்கிறோம்.

பார்த்தீர்களா! உரிமம் கொடுத்தவர் அல்லாஹ்வின் தூதர். வாங்கியவர் ஒரு ஸஹாபி. அதில் லஞ்சமில்லை, சூதில்லை. அப்படியிருந்தும், அது ஊராரின் பொதுப் பொருள் என்று தெரிந்தவுடன் அந்த உரிமம் திரும்பப் பெறப்பட்டது. கையில் முத்திரை வைத்த காகிதம் இருக்கிறது, ஆகவே இது எனக்கு ஹலால் என்று வாதாடுகிறவருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? இதை ஆதாரமாகக் கொண்டே, மண்ணின் மேலேயே வெளிப்பட்டுக் கிடக்கும் தாதுக்களை எந்த அரசனும் தனியொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாதென்று இமாம் மாவர்தி (ரஹ்), இமாம் நவவி (ரஹ்) போன்ற நம் ஷாஃபிஈ மேதைகள் சட்டம் வகுத்தார்கள்.

இரண்டு பணக்கார வியாபாரிகள்

கலீபா உமர் (ரலி) அவர்கள் தம் காலத்தில் ரபதா, ஷரஃப் என்னும் இடங்களையும் காப்புநிலங்களாக்கினார்கள். காவலுக்கு ஹுனைய் என்பவரை நியமித்தபோது அவருக்குச் சொன்ன புத்திமதி புகாரியில் பதிவாகியுள்ளது. வியாபாரிகளாகிய நாம் அதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மக்களிடம் பணிவாக நடந்துகொள், அநியாயம் செய்யப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சு என்று முதலில் எச்சரித்தார்கள். பிறகு, சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய ஏழையை உள்ளே விடு. ஆனால் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபின் மந்தையையும் உஸ்மான் பின் அஃப்பானின் மந்தையையும் விடாதே என்றார்கள். காரணமும் சொன்னார்கள். அவ்விருவரின் கால்நடைகள் மடிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் இருக்கின்றன. ஏழையின் ஆடுகள் மடிந்தாலோ அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிற்பான். அவனை நான் கைவிட முடியுமா என்பதே அந்தக் காரணம்.

இவ்விருவரும் யார்? சுவர்க்கம் உறுதி என்று நன்மாராயம் கூறப்பட்ட பதின்மருள் இருவர். இருவரும் மதீனாவின் பெரும் வர்த்தகர்கள். கொடை வள்ளல்கள். அவர்களுடைய செல்வத்தில் ஹராம் கலந்ததென்று எவரும் சொன்னதில்லை. அவர்களுக்கே காப்புநிலத்தின் வாசல் அடைக்கப்பட்டதென்றால், முதல் போட்டு லாபம் எடுக்க வருகிற நமக்கு அங்கே என்ன பாத்தியம்? நல்ல மனிதன் என்பதும், ஜகாத் கொடுக்கிறவன் என்பதும், பள்ளிவாசலுக்கு வாரி வழங்குகிறவன் என்பதும் எல்லையைத் தாண்டுவதற்குச் சீட்டு ஆகாது. ஹிமா யாருக்காக? வேறு கதியில்லாதவனுக்காக. இதுதான் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு.

நம் ஜொகூர் மண்ணில்

இனி நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். ஜொகூருக்குச் சுரங்கம் புதிதன்று. பத்து பகாட்டுக்கு அருகே ஸ்ரீ மேடானில் ஜப்பானியரான இஷிஹாரா ஹிரோஇச்சிரோ 1920-களில் இரும்புத்தாது வெட்டி யவாத்தா எஃகு ஆலைக்குக் கப்பலேற்றினார். யுத்தத்திற்குப் பின் 1950-களில் தெலுக் ரமுனியாவில் அலுமினியத்திற்கான பாக்ஸைட் தாது எடுத்தார்கள்.

அதே ஜொகூரில் ஹிமாக்களும் உண்டு. வடக்கே, பகாங் எல்லையில் எண்டாவ் ரொம்பின் காடு. இரு மாநிலங்களிலும் சேர்த்து சுமார் 870 சதுர கிலோமீட்டர். அதில் நம் ஜொகூர் பக்கம் சுமார் 49,000 ஹெக்டேர். 1977-இல் பகாங் மாநில அரசு இக்காட்டில் மரம் வெட்ட உரிமம் கொடுத்தபோது, மலாயா இயற்கைக் கழகத்தாரும் பத்திரிகைகளும் பொதுமக்களும் குரல் எழுப்பி வெட்டுவதை நிறுத்தச் செய்தார்கள். ஜொகூர் அரசு 1989-இல் தேசியப் பூங்காக் கழகச் சட்டம் இயற்றி, 1993-இல் தன் பகுதியைப் பூங்காவாக அரசிதழில் அறிவித்தது. தெற்கே தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப், சுங்கை பூலாய் என்னும் மூன்று சதுப்புநிலக் காடுகளும் 2003 ஜனவரி 31-ஆம் தேதி ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் உடையவையாகப் பதிவாயின.

இக்காடுகளில் மரமும் மிருகமும் மட்டும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அங்கே மனிதர்களும் இருக்கிறார்கள். எண்டாவ் ரொம்பினின் வாசலில் கம்போங் பெத்தாவில் ஜக்கூன் என்னும் பூர்வ குடியினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய இனத்தாரே சுங்கை லிங்கியு அணைக்காகத் தங்கள் காட்டை இழந்தார்கள். அவர்களுள் 52 பேர் ஜொகூர் அரசின் மீது வழக்குத் தொடுத்து, 2 கோடியே 65 இலட்சம் வெள்ளி நஷ்டஈடு பெற்றார்கள். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. காடு அவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் இடமன்று. உணவும் மருந்தும் பிழைப்பும் அதுவே என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உமர் (ரலி) அவர்கள் சொன்ன சில ஆடுகளுடைய ஏழை, நம் நாட்டில் இவரே அன்றோ?

எல்லையோரத்தில் நடந்தது

வேலிக்கு வெளியேதானே தோண்டுகிறோம், உள்ளே கால் வைக்கவில்லையே என்று சொல்வார்கள். அப்படிச் சொன்ன இடத்தில் என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

நமக்கு வடக்கே பகாங்கில் தாசேக் சினி என்னும் ஏரி இருக்கிறது. 2009-இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆனால் ஏரியைச் சூழ்ந்த குன்றுகளில் இரும்புத்தாதுச் சுரங்கங்கள் நடந்துகொண்டிருந்தன. மழை பெய்தால் தோண்டிய மண் ஓடையில் இறங்கும். ஓடை ஏரியில் கலக்கும். தாமரைக்குப் பேர்போன அந்த ஏரியில் தாமரை அருகியது. 1990-களில் கட்டிய தடுப்பணையும் ஒரு காரணமென்று சொல்வதே நியாயம். ஆயினும் மண் படிந்ததற்கும் தண்ணீர் கெட்டதற்கும் குன்றுகளை வெட்டியதில் பங்கில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சுரங்கக்காரர் கோட்டைத் தாண்டவில்லை, தண்ணீர் தாண்டிற்று! இடையன் வெளியேதான் நின்றான். ஆடுகள் உள்ளே போயின. நபிமொழியின் உவமை எழுத்துக்கு எழுத்துப் பலித்தது.

குவாந்தானில் நடந்தது வேறு விதம். 2014 ஜனவரியில் இந்தோனேசியா தன் கச்சாத் தாதுவை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டது. சீனாவின் அலுமினிய ஆலைகள் பாக்ஸைட் தேடி மலேசியாவுக்குத் திரும்பின. 2013-இல் 2 இலட்சம் டன் அளவில் இருந்த ஏற்றுமதி, 2015-இல் 2 கோடி டன்னையும் தாண்டியது. புக்கிட் கோ ஃபெல்டாவில் செம்பனை நட்டு வாழ்ந்த குடியேறிகள் பலர் கைநிறையப் பணம் பெற்று நிலத்தைத் தோண்டக் கொடுத்தார்கள். பணம் சிலருக்கு, தூசியோ ஊர் முழுவதற்கும். லோரிகள் போன சாலையெல்லாம் சிவந்தது. வீடு, துணி, சோற்றுத்தட்டு எல்லாவற்றிலும் செம்மண். 2015 டிசம்பர் மழையில் ஆறும் கடலோரமும் சிவந்தன. கடைசியில் 2016 ஜனவரி 15 முதல் அரசாங்கம் வேலையை நிறுத்தி வைத்தது. மூன்று மாதத்திற்கென்று போட்ட அந்தத் தடை நீண்டு நீண்டு 2019 மார்ச் வரை தொடர்ந்தது.

அங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். 1987-ஆம் ஆண்டு உத்தரவின்படி 250 ஹெக்டேருக்கு மேற்பட்ட சுரங்கத்திற்கே சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு கட்டாயமாக இருந்தது. குவாந்தான் குழிகளில் பல அந்த அளவுக்கு உட்பட்டவை. ஒவ்வொன்றும் சிறியது, எல்லாம் சேர்ந்தோ ஒரு ஜில்லாவையே மூடின. சட்டத்தின் கோட்டுக்கு ஒரு முழம் இப்பால் நின்றுகொண்டால் அல்லாஹ்வின் கேள்வியிலிருந்தும் தப்பிவிடலாமா? தானும் கெடுதல் செய்யக் கூடாது, பதிலுக்குப் பதிலாகவும் கெடுதல் செய்யக் கூடாது என்ற நபிமொழிக் கோட்பாட்டில் ஹெக்டேர்க் கணக்கு ஏதுமில்லை.

நம் பூர்வீகச் சீமையிலும் பாடம் இருக்கிறது. கீழக்கரை, தூத்துக்குடி கடலோரத்தில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அமைந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் அத்தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையை மக்கள் நெடுங்காலம் வெட்டியெடுத்து வந்தார்கள். அலையைத் தடுத்த பாறை போயிற்று. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. அவற்றைத் திருப்பிக் கொண்டுவர எந்த முதலாளியின் பணமும் போதாது. அதே தென்கோடியில் செந்நிறத் தேரி மணலும், கார்னெட், இல்மனைட் கலந்த கடற்கரை மணலும் உண்டு. கடற்கரை மணலை அளவின்றி அள்ளியதாகப் புகார் எழுந்ததன் மேல் 2013-இல் தமிழ்நாட்டு அரசு அவ்வேலைக்குத் தடை விதித்தது.

மணல் நம் கையில்

சகோதரர்களே! நம்மில் யார் இரும்புச் சுரங்கம் வைத்திருக்கிறோம் என்று கேட்கலாம். இரும்பு வேண்டாம், மணலை எடுத்துக்கொள்வோம். நம்மில் கட்டுமானப் பொருள் விற்பவர் உண்டு. லோரி ஓட்டுபவர் உண்டு. வீடும் கடையும் கட்டாதவர் யார்? பள்ளிவாசலும் மதரஸாவும் கட்டாத ஜமாஅத் எது?

பாலைவன நாடுகள்கூடக் கட்டடத்திற்கு மணலை வெளியிலிருந்து வாங்குகின்றன. காற்றில் உருண்டுருண்டு வழுவழுப்பான பாலை மணல் சிமெண்டோடு பிடிப்பதில்லை. ஆற்று மணலே வேண்டியிருக்கிறது. ஆகவேதான் நம் ஆறுகளுக்கும் கரைகளுக்கும் இத்தனை கிராக்கி. 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730-ஐத் தாண்டிவிட்டது; கடலைத் தூர்த்தே அந்த நிலம் வந்தது. மலேசிய அரசு 1997-இல் மணல் ஏற்றுமதியைத் தடுத்தது. 2018-இல் கடல் மணலுக்கு மீண்டும் தடை போட்டது. அந்த 2018-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் வாங்கிய மணல் சுமார் 5 கோடியே 90 இலட்சம் டன் என்று ஐக்கிய நாடுகளின் வர்த்தகக் கணக்குக் கூறுகிறது. தேவை பெரிது, லாபம் பெரிது, ஆகவே சோதனையும் பெரிது.

தேசிய நிலச் சட்டத்தின்படி கல்லும் மணலும் எடுத்துச் செல்வதற்கு நில அலுவலகம் 4சி படிவத்தில் அனுமதி வழங்குகிறது. இரவில் வந்து நிற்கும் லோரியில் மணல் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அது ஏன் மலிவு என்று கேட்பது வாங்குபவன் கடமை. திருட்டு மாடு என்று சந்தேகம் எழுந்தால் அதன் இறைச்சியைக் கடையில் தொங்கவிடுவோமா? மணலுக்கு மட்டும் வேறு நியாயமா? அபகரித்த நிலத்தில் தொழுதால் தொழுகை கூடினாலும் பாவம் நீங்காது என்பது நம் மத்ஹபின் தீர்ப்பு. அப்படியிருக்க, ஆற்றங்கரையை அறுத்துக் கொண்டுவந்த மணலால் மிஹ்ராபுக்குப் பூசுவதா?

மூன்று சமாதானங்கள்

இதற்குச் சிலர் சொல்லும் சமாதானங்களையும் பார்த்துவிடுவோம்.

ஒருவர், நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார் என்பார். உண்மைதான். ஆனால் மறுமையில் அந்த வேறொருவரின் கணக்கை அவர் கொடுப்பார். நம் கணக்கை நாம்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொருவர், இதெல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பு, கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்பார். 1977-இல் எண்டாவ் ரொம்பின் காட்டுக்காகக் குரல் கொடுத்தவர்கள் அரசாங்கத்தார் அல்லர்; நம்மைப் போன்ற குடிமக்கள். மஃரிப் உப்பளத்தின் உண்மையை எடுத்துச் சொன்னவரும் அவையில் இருந்த ஒருவரே. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த உப்பு ஒருவரிடமே இருந்திருக்கும். சபையில் உண்மையைச் சொல்வதும் ஓர் அமானிதம்.

மூன்றாமவர், தோண்டாமல் நாடு எப்படி முன்னேறும், வேலை எப்படிக் கிடைக்கும் என்பார். இவருடைய கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. இரும்பில்லாமல் அரிவாளும் இல்லை, கப்பலும் இல்லை. ஆனால் தோண்டுவதற்கு இந்நாட்டில் இடமா இல்லை? ஆறு பிறக்கும் குன்றையும், கடலைத் தடுக்கும் சதுப்புக்காட்டையும், பூர்வ குடியினரின் வாசலையும்தான் தோண்ட வேண்டுமா? சூரத்துர் ரஹ்மானில் அல்லாஹுத் தஆலா வானத்தை உயர்த்தியதைச் சொல்லும்போதே தராசையும் சொல்கிறான். அதில் வரம்பு மீறக் கூடாதென்று எச்சரிக்கிறான். தராசு பிடிக்கும் கையையுடைய நமக்கு அந்த ஆயத்தின் பாரம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரிய வேண்டும். ஒரு தட்டில் ஐந்தாண்டு லாபம். மறு தட்டில் மீண்டும் உண்டாக்க முடியாத ஒன்று. நாணயமான வியாபாரி எதைக் கனம் என்று சொல்வான்? சுமத்ரா காண்டாமிருகம் ஒரு காலத்தில் எண்டாவ் ரொம்பின் காட்டில் திரிந்தது. மலேசியாவிலிருந்த கடைசி மிருகம் 2019 நவம்பரில் சாபாவில் மாண்டுபோயிற்று. அல்லாஹ் படைத்த ஒரு ஜாதி இந்நாட்டிலிருந்தே அற்றுப்போனதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் பற்று எழுதுவது?

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே சகோதரர்களே, மூன்று காரியங்களை நம் ஜமாஅத்தார் மேற்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, மணலோ கல்லோ வாங்குமுன் அனுமதிப் பத்திரத்தைக் கேட்போம். பள்ளிவாசல், மதரஸாக் கட்டட வேலைகளில் இதைக் கண்டிப்பான விதியாக வைப்போம். விலை சற்றுக் கூடினால் கூடட்டும், பரக்கத்தும் கூடும்.

இரண்டாவது, சுரங்கத்திலோ மண் வேலையிலோ பங்கு சேரும்படி எவரேனும் அழைத்தால், லாபம் எத்தனை சதவிகிதம் என்று கேட்குமுன் இடம் எங்கே என்று கேட்போம். அதற்குப் பக்கத்தில் காப்புக்காடு உண்டா, அங்கிருந்து வழியும் தண்ணீர் எந்த ஆற்றில் சேர்கிறது, அந்த ஆற்றை நம்பி வாழ்பவர் யார், தோண்டிய குழியை மூடுவது யார் பொறுப்பு என்று விசாரிப்போம். பதில் தெளிவாக இல்லையென்றால் அது சந்தேகமான காரியம். அதைவிட்டு விலகியவன் தன் தீனையும் மானத்தையும் காத்துக்கொண்டான் என்பது அதே நபிமொழியின் கருத்து.

மூன்றாவது, நம் வட்டாரத்தில் காப்புநிலத்தின் எல்லையைக் குறைக்கவோ, அதன் ஓரத்தில் தோண்டவோ ஏற்பாடு நடந்தால், மரியாதையோடும் ஆதாரத்தோடும் அதிகாரிகளுக்கு எழுதித் தெரிவிப்போம். இந்நாடு நமக்குச் சோறு போட்ட நாடு. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது இம்மண் அவர்களுக்கு இடம் கொடுத்தது. அந்த நன்றிக்கடன் நம் பிள்ளைகளுக்கும் உண்டு.

ஆரம்பத்தில் சொன்ன நபிமொழி இடையனோடு முடிந்துவிடவில்லை. உடலில் ஒரு சதைத்துண்டு இருக்கிறது. அது சீராக இருந்தால் உடல் முழுவதும் சீராகும். அது கெட்டால் எல்லாம் கெடும். அதுதான் இருதயம் என்று அது முடிகிறது. வனக்காவலர் எல்லாக் காட்டையும் சுற்றிவர முடியாது. அதிகாரி எல்லா லோரியையும் நிறுத்திப் பார்க்க முடியாது. வேலி எங்கே இருக்கிறதென்று இருதயத்திற்குத் தெரியும். அது விழித்திருந்தால் ஆடும் உள்ளே போகாது.

அல்லாஹுத் தஆலா நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத்தைத் தந்தருள்வானாக. பூமியைச் சீர்குலைப்போரின் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காமல் காப்பானாக. நம் ஆறுகளையும் காடுகளையும் அவற்றை நம்பி வாழும் எளியவர்களையும் பாதுகாப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.